தொட்டி மீனுக்குக் கீரை கொடுக்கும்போது வரும் கோளாறுகள்: வன்னி வீடுகளுக்கு அறிகுறி வாரியான வழிமுறை

தொட்டி மீனுக்கு இலைதழை கொடுப்பது நல்லது என்று கேள்விப்பட்டுச் சமையலறையிலிருந்து ஒரு வெள்ளரித் துண்டையோ நாலு வள்ளல்கீரை இலையையோ போட்டுப் பார்ப்பவர்கள் பலர். மறுநாள் தண்ணீர் நாறும். அடுத்த நாள் ஒரு மீன் மிதக்கும். "எங்கள் மீனுக்குக் கீரை ஒத்துவராது" என்று அத்தோடு கைவிட்டுவிடுவார்கள். கீரை ஒத்துவராத மீன்களும் உண்டுதான். ஆனால் நான் பார்த்த தொட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கெடுத்தது, இலை தண்ணீரில் கிடந்த நேரம்.

பொதுவான வழிகாட்டிகள் காய்த்துண்டை ஓர் இரவு, சில சமயம் ஒரு முழு நாள்கூட விட்டுவைக்கலாம் என்கின்றன. அது 24, 25 பாகைத் தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ சித்திரை பிறந்தால் தகரக் கூரை வீட்டுத் தொட்டி 30 பாகையைத் தாண்டிவிடும். புரட்டாதி வரை இறங்காது. அத்தோடு நமது கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கல்சியம் மிகுந்த கடின நீர், காரத்தன்மை கூடியது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள். உங்கள் தொட்டியில் தெரியும் அறிகுறியை மட்டும் தேடிப் பார்த்தாலும் போதும்.

மீன் இலையைச் சீண்டவே இல்லை

முதலில் மீன் எதுவென்று பாருங்கள். பைட்டர், ஒஸ்கார் போன்றவை ஊன் தின்பவை. அவற்றின் குடல் குறுகியது. இவற்றுக்குக் கீரை கொடுத்து வற்புறுத்துவதில் பயனில்லை. ஏஞ்சல் மீன் எப்போதாவது கொத்திப் பார்க்கும், அவ்வளவுதான். தங்கமீன், மொலி, பிளாட்டி, கப்பி, சில்வர் டொலர், கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் டேங்க் கிளீனர், ராட்சதக் குராமி ஆகியவை தாவரம் தின்னக்கூடியவை. ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலிருந்து வந்த வண்ணச் சிக்லிட் மீன்களில் ஒரு பெரிய பிரிவு பாறைப் பாசியை மேய்ந்தே வாழ்வது. அவற்றுக்கு ஊன் உணவை அள்ளிக் கொடுத்தால்தான் வயிறு வீங்கும்.

தின்னக்கூடிய மீன் தின்னாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் பசியின்மை. காலையில் குருணைத் தீன் போட்டு மாலையில் கீரை போட்டால் எந்த மீன்தான் இலையைத் தேடும்? ஒரு நாள் குருணையை நிறுத்துங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியால் கெட்டுப்போகாது. குஞ்சுகளுக்கு மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்த காரணம் இலையின் கடினம். தங்கமீனின் வாயில் பல் இல்லை. தொண்டையில்தான் அரைக்கும் பற்கள் இருக்கின்றன. முற்றிய வள்ளல்கீரையைப் பச்சையாகக் கிழிப்பது அதற்குச் சிரமம். கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிக் கொடுங்கள். சுரைக்காய், பீர்க்கங்காய் என்றால் தோல் சீவி இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடலாம். உப்புப் போட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இன்னொரு வழி: இலையை உறையவைத்துப் பிறகு இளக விடுங்கள். உறையும்போது இலையின் கலங்கள் வெடித்து, வேகவைத்ததைப் போலவே மென்மையாகிவிடும்.

மிதக்கும் இலையை டேங்க் கிளீனர் கண்டுகொள்ளாது. அது அடியில் மேய்வது, அதுவும் இருட்டில். வெள்ளரியை விரல் தடிப்பில் வெட்டி, துருப்பிடிக்காத முள்கரண்டியில் குத்தி அடியில் இறக்கிவிட்டு விளக்கை அணையுங்கள். புதிய உணவை உணவென்று அறிந்துகொள்ள மீனுக்குச் சில நாள் பிடிக்கும். ஒரு மீன் கொத்தத் தொடங்கினால் மற்றவையும் வந்துவிடும்.

மறுநாள் காலையில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருக்கிறது

வெந்த இலையிலிருந்து கசிந்த சீனியையும் மாச்சத்தையும் தின்று பக்டீரியா பெருகிவிட்டது. கலங்கலாகத் தெரிவது அந்தப் பக்டீரியாதான். 24 பாகையில் இதற்கு ஒரு நாள் எடுக்கலாம். நமது கோடையில் ஓர் இரவு போதும்.

செய்ய வேண்டியது: மிச்சம் கிடக்கும் இலை, காம்பு, விதை அனைத்தையும் அள்ளுங்கள். வெள்ளரியின் நடுச் சதை கரைந்து கற்களுக்கிடையே இறங்கியிருக்கும்; ஒரு குழாயால் அடியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். காற்றூட்டலைக் கூட்டுங்கள். அன்று தீன் எதுவும் வேண்டாம். வடிகட்டியின் பஞ்சைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அழுத்திக் கழுவிவிடாதீர்கள். கழிவைச் சுத்திகரிக்கும் நல்ல பக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. அடைத்துப்போயிருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இலேசாக அலசினால் போதும்.

இனி வராமலிருக்க ஒரு நேரக்கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்த இலை கோடையில் மூன்று மணித்தியாலத்துக்குமேல் கிடக்கக்கூடாது. மார்கழி, தை மாதக் குளிரில் ஐந்தாறு மணித்தியாலம் விடலாம். இரவில் தின்னும் டேங்க் கிளீனருக்குத்தான் இது இடைஞ்சல். அதற்கு மாலை ஏழு மணிக்கே விளக்கை அணைத்து இலையை இறக்குங்கள்; படுக்கப் போகுமுன் எடுத்துவிடலாம். விடியும்வரை ஏதாவது இருக்கத்தான் வேண்டுமென்றால் வேகவைக்காத வெள்ளரித் துண்டு. அது மெதுவாகத்தான் அழுகும். அதிலும் நடுச் சதையை வழித்து எறிந்துவிட்டுக் கெட்டியான பாகத்தை மட்டும் கொடுங்கள்.

கலங்கலுக்குக் கீரையைத் தவிர வேறொரு காரணமும் நமது பக்கத்தில் உண்டு. மாரி வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்குக் குளோரின் இடுவார்கள். அந்தத் தண்ணீரை உடனே தொட்டியில் ஊற்றினால் வடிகட்டியின் பக்டீரியா செத்துத் தண்ணீர் கலங்கும்; பழி முதல் நாள் போட்ட கீரையின்மேல் விழும். கிணற்றுக்குக் குளோரின் இட்டார்களா என்று விசாரியுங்கள். இட்டிருந்தால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியைக் கலந்தோ, வாளியில் இரண்டு நாள் காற்றூட்டி வைத்தோ பயன்படுத்துங்கள்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

இதைக் கண்டால் மேற்கொண்டு படிப்பதைப் பிறகு வைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தால் தொட்டித் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். மீனுக்கு ஒட்சிசன் போதவில்லை.

25 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும். 32 பாகையில் அது 7.3 அளவுக்கு இறங்கிவிடும். அதே வேளையில் சூடு கூடக்கூட மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் கூடுகிறது. அழுகும் இலையின்மேல் பெருகும் பக்டீரியாவும் அதே ஒட்சிசனைத்தான் எடுக்கிறது. தொட்டியில் செடி இருந்தால் அதுவும் இரவில் எடுக்கும். எல்லாம் சேர்ந்து விடியுமுன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். நள்ளிரவில் மின்தடை வந்து பம்பும் நின்றிருந்தால் சொல்ல வேண்டியதில்லை.

இலையை அள்ளி, கால் பங்கு தண்ணீரை மாற்றி, காற்றூட்டியும் மீன்கள் கீழே இறங்கவில்லை என்றால் அமோனியாவைச் சந்தேகியுங்கள். செவுள்கள் சிவந்து வீங்கியிருக்கும். அமோனியா எங்கும் ஒரே அளவில் கொல்வதில்லை. பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மை, காரத்தன்மையைக் காட்டும் அளவு) 7 உள்ள தண்ணீரில், மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8, வெப்பநிலை 30 பாகை என்றால் அது நூற்றுக்கு ஏழு பங்கைத் தாண்டிவிடும். நமது கிணற்றுத் தண்ணீர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மழைநாட்டுத் தொட்டி பொறுத்துக்கொள்ளும் அழுக்கை நமது தொட்டி பொறுக்காது என்பதற்கு இதுதான் காரணம். இலையில் புரதம் குறைவு என்பதால் அதிலிருந்து வரும் அமோனியாவும் குறைவே. ஆனால் கீரையோடு பயறு, பட்டாணி, குருணை என்று சேர்த்துப் போட்ட நாளில் கவனமாக இருங்கள்.

மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் இருப்பவர்கள் பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. அது இல்லாத வீட்டில் கீரையைக் காலையில் மட்டும் கொடுங்கள். டேங்க் கிளீனரும் பசித்தால் பகலில் வரும்.

தின்ற சில மணித்தியாலத்தில் மீன் வெறிபிடித்து ஓடுகிறது, சுழல்கிறது, உடல் உதறுகிறது

இலையில் மருந்து இருந்திருக்கிறது. பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் பைரித்ரொயிட் வகை மனிதருக்கு ஒப்பீட்டளவில் ஆபத்துக் குறைந்தது, மீனுக்கோ மிகக் கொடிய நஞ்சு. நாம் சுண்டித் தின்று ஒன்றும் ஆகாத கீரை ஒரு தொட்டியையே வெறுமையாக்கலாம்.

தாமதிக்காமல் இலையை எடுத்துவிட்டுத் தண்ணீரில் பாதியை அதே வெப்பநிலையுள்ள தண்ணீரால் மாற்றுங்கள். மீன் கடையில் கிடைக்கும் வடிகட்டிக் கரியைப் புதிதாக வாங்கி வடிகட்டிக்குள் வையுங்கள். சில மணித்தியாலம் கழித்து மறுபடியும் தண்ணீரை மாற்றுங்கள். தப்பிய மீனுக்கு இரண்டு நாள் தீன் வேண்டாம்.

அன்று வீட்டில் நுளம்பு மருந்து தெளித்தீர்களா, தெருவில் டெங்குக்காகப் புகை அடித்தார்களா என்றும் நினைத்துப் பாருங்கள். காற்றுப் பம்பு அறையின் காற்றைத்தான் தண்ணீருக்குள் செலுத்துகிறது. காற்றில் கலந்த மருந்தும் அதோடு போய்ச் சேரும். புகை அடிக்கும் சிறிது நேரத்துக்குப் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, கதவைச் சாத்திவிடுங்கள். புகை கலைந்ததும் மறக்காமல் பம்பைப் போடுங்கள்.

சந்தையில் கீரை வாங்கும்போது, "அக்கா, இதற்கு மருந்து அடித்து எத்தனை நாளாகிறது? மீனுக்குப் போடப்போகிறேன்" என்று கேளுங்கள். தோட்டக்காரரே கொண்டுவந்து விற்கும் இடத்தில் உள்ளதைச் சொல்வார்கள். அலசுவதும் வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதும் மருந்தைக் குறைக்கும், முற்றாகப் போக்காது. வெள்ளரிக்குத் தோல் சீவலாம், கீரைக்கு அது முடியாது.

ஆகவே மீனுக்கான கீரையை நீங்களே வளர்த்துக்கொள்வதையே நான் வற்புறுத்துவேன். இதற்குத் தோட்டம் தேவையில்லை. சந்தையில் வாங்கிய வள்ளல்கீரையின் இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் தண்ணீர்ப் போத்தலில் நிறுத்துங்கள். சில நாளில் கணுக்களில் வெள்ளை வேர் புடைத்துவரும். பழைய பெயின்ற் வாளியில் மண் நிரப்பி அதை நட்டு, தொட்டியிலிருந்து மாற்றும் அழுக்குத் தண்ணீரையே ஊற்றுங்கள். மீன் கழிவிலுள்ள நைதரசனைக் குடித்துக் கீரை மதாளித்து வளரும். முதலில் வரும் இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, அடுத்த துளிரிலிருந்து மீனுக்குக் கொடுங்கள். பொன்னாங்காணியும் பசளியும் இப்படியே தண்டிலிருந்து வளரும்.

மரவள்ளி இலையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். வன்னியில் வேலியோரம் எங்கும் நிற்பதால் கை தானாக அதற்குப் போகும். பச்சை மரவள்ளி இலையிலிருந்து சயனைட் வெளிவரும். முருங்கை இலை நஞ்சல்ல என்றாலும் சிற்றிலைகள் உதிர்ந்து தொட்டி முழுதும் பரவி அழுகும். அதற்கு மினக்கெட வேண்டாம்.

வயிறு உப்பி மீன் சாய்ந்து மிதக்கிறது

தங்கமீனில், அதிலும் ஒராண்டா, ரியுகின் போன்ற உருண்டை உடல் மீன்களில் இது அதிகம். இவற்றுக்கு இரைப்பை கிடையாது. உணவு நேரே குடலுக்குள் போகிறது. மிதக்கும் குருணையை விழுங்கும்போது காற்றையும் விழுங்கும். உலர்ந்த தீன் உள்ளே போய் ஊதும். குடல் அடைத்துக்கொண்டால் பக்கத்திலிருக்கும் காற்றுப்பையும் நெருக்கப்பட்டு மீன் நிலைதவறும்.

ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் தீனை நிறுத்துங்கள். பிறகு பச்சைப் பட்டாணியை மெத்தென வேகவைத்து, தோலை உரித்து, நகத்தால் நசுக்கி ஒரு மீனுக்கு ஒரு பட்டாணிக்கு மேற்படாமல் கொடுங்கள். உறைந்த பட்டாணி கிடைக்காத இடத்தில் கடையில் விற்கும் காய்ந்த பச்சைப் பட்டாணியை இரவு முழுதும் ஊறவைத்து வேகவைக்கலாம். பட்டாணி மருந்து அல்ல; அதன் நார் குடலைத் தள்ளிவிடுகிறது. இந்த நிலை வந்த மீனுக்குக் குருணையை இனி ஊறவைத்து அமிழ்த்திக் கொடுங்கள்.

மலம் வெள்ளை நூலாகத் தொங்கினால் அது வேறு. வெறும் குடலிலிருந்து சளி மட்டும் வருகிறது என்று அர்த்தம். தின்னாமல் கிடந்த மீனுக்கு அப்படி வரும். நன்றாகத் தின்றும் வெள்ளையாகவே வந்து உடல் இளைத்துப்போனால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். அதைக் கீரை தீர்க்காது. பச்சையாக நீண்டு தொங்கும் மலம், இலை தின்னும் மீனுக்கு இயல்பானதே. மேலிருந்து பார்க்கும்போது செதில்கள் அன்னாசித் தோலைப் போல எழும்பி நின்றால் பட்டாணியோடு நேரத்தைக் கழிக்க வேண்டாம். உடலுக்குள் நீர் கோத்துவிட்டது. அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, விடயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மீன் மெலிகிறது, நிறம் மங்குகிறது

கீரையை மட்டும் கொடுக்கிறீர்கள். வெள்ளரியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தங்கமீனின் தீனில் புரதம் 30 சதவீதமளவு வேண்டும். குஞ்சுகளுக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். கீரை குருணைக்குத் துணை, அதற்கு மாற்று அல்ல. டேங்க் கிளீனரின் நிலைதான் எல்லாவற்றிலும் பரிதாபம். "அது கண்ணாடிப் பாசியைத் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று விற்றுவிடுகிறார்கள். வாங்கியவரும் அதை நம்பித் தீனே போடுவதில்லை. பாசி தீர்ந்த தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் சாகிறது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கிக் குழிந்திருந்தால் இன்று இரவே அமிழும் தீனும் காய்த்துண்டும் கொடுங்கள்.

சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்கான கரோட்டினொயிட்டை மீன் தன் உடலில் உண்டாக்க முடியாது; தின்னும் பொருளிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதற்குப் பூசணியும் கரட்டும் ஸ்பைருலினாத் தூளும் உதவும். எல்லாவற்றையும் ஒரே கட்டியாகச் செய்துவைப்பது வசதியானது. வேகவைத்த கீரை ஒரு பிடி, பூசணித் துண்டு ஒன்று, வேகவைத்துத் தோல் கழுவிய பயறு கொஞ்சம், நந்திக்கடல் இறாலில் இரண்டு மூன்றைத் தோல் நீக்கி வேகவைத்து, எல்லாவற்றையும் அரையுங்கள். அரை லீற்றர் தண்ணீரில் 8 முதல் 10 கிராம் கடற்பாசித் தூளை (அகர் அகர்) கொதிக்கவைத்து அரைத்ததைக் கலந்து தட்டில் ஊற்றினால் ஆறியதும் இறுகிவிடும். துண்டுகளாக வெட்டி உறையவைக்கலாம். கடற்பாசிக்குப் பதிலாக ஜெலற்றின் போட வேண்டாம். அது 30 பாகையைத் தாண்டினாலே இளகத் தொடங்கும். நமது கோடைத் தொட்டியில் மீன் கொத்துமுன் கரைந்துவிடும். கடற்பாசியோ ஒருமுறை இறுகினால் 80 பாகைக்குமேல் சூடாக்கினால்தான் உருகும்.

தொட்டிச் செடிகளை எல்லாம் தின்று தீர்க்கிறது

தங்கமீனும் சில்வர் டொலரும் இருந்தால் செடி தப்பாது. திட்டி என்ன செய்வது, அவற்றுக்கு இலை தேவை. தினமும் கொஞ்சம் பச்சை கிடைத்தால் வேர்ச்செடிகளை விட்டுவைக்க வாய்ப்புண்டு.

மேய்ச்சலுக்கு இரண்டு பேசின்கள் போதும். ஒன்றை வெயிலில் வைத்துக் கழுவிய கூழாங்கற்களைப் பரப்பித் தொட்டித் தண்ணீரை ஊற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கற்களின்மேல் பச்சைப் பாசி படரும். அதில் ஒரு கல்லை மொலிகள் உள்ள தொட்டியில் இறக்கிப் பாருங்கள். முதலில் ஒன்று வந்து உதட்டால் தடவும். பிறகு எல்லாம் தலையைக் குத்தி வாலை மேலே தூக்கிக்கொண்டு சுற்றி நின்று சுரண்டும். கல் வெளுத்ததும் எடுத்து மறுபடி வெயிலுக்கு வைத்துவிட்டு அடுத்த கல்லைப் போடலாம். இதில் அழுகுவதற்கு ஒன்றுமில்லை; கோடைக்கு இதைவிடப் பாதுகாப்பான பச்சை உணவு எனக்குத் தெரியாது. மற்றப் பேசினில் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவோ சிறு வாத்துப்பாசியோ வளர்த்து, ஒரு கரண்டி ஒரு கரண்டியாக அள்ளிப் போடலாம். உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் உள்ளவை இவை. பாசிக்கற்கள் உள்ள பேசினில் இரண்டு கப்பிகளை விடுங்கள். இல்லாவிட்டால் நுளம்புக் குடம்பி பெருகும், டெங்குப் பரிசோதகர் வந்தால் தண்டம் உங்களுக்கு. அசோலாப் பேசினுக்கு நுளம்பு வலை போட்டு மூடலாம்.

வவுனிக்குளத்திலோ முத்தையன்கட்டிலோ கரையோரம் வேலம்பாசி நிறையக் கிடக்கிறதே என்று அள்ளிவந்தால் அதோடு நத்தையும் அட்டையும் தும்பிக் குடம்பியும் வரும். தும்பிக் குடம்பி குஞ்சு மீனைப் பிடித்துத் தின்னும். வயல் வாய்க்கால் செடியில் இவற்றோடு மருந்தும் இருக்கும். பெரும்போகத்திலும் சிறுபோகத்திலும் மருந்தடிக்கும் நாட்களில் அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. குளத்துச் செடியைத்தான் எடுப்பதென்றால் வாளியில் தனியாக இரண்டு வாரம் வைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, ஊர்வதையெல்லாம் பொறுக்கியபின் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். தொட்டியில் மிதமிஞ்சி வளர்ந்த செடியையும் அளவு மீறிப் பருத்த டேங்க் கிளீனரையும் குளத்திலோ வாய்க்காலிலோ விட வேண்டாம். இலங்கை நீர்நிலைகளில் அந்த மீன் ஏற்கெனவே பெருகி, உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகியிருக்கிறது. செடியை வெயிலில் காயவைத்து வாளிக் கீரைக்கு உரமாகப் போடுங்கள். மீனை, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ வாங்கிய கடையிலோ கொடுத்துவிடலாம்.